ஒரு கைப்பிடி லைன்

எங்கள் கம்பெனியில் சோற்றுக்குக் காசில்லை. டீக்குக் காசில்லை. வீட்டு வாசலில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கிவிடும் வேனுக்கும் காசில்லை. பிறந்தநாள் என்றால் கேக் வரும். குளிருக்கு மெரூன் கலர் ஜெர்கின், நெஞ்சில் நம் பெயரை நூலால் பின்னிக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அப்பா அம்மாவுக்கும் சேர்த்து ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ். 2002-ல் குன்னூரில் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? "சும்மா யாராச்சும் குடுப்பாங்களா கண்ணு? எதையாச்சும் எழுதி வாங்கிக்குவாங்க, பாத்து இரு" என்று என் அப்பாவே சொன்னார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டீ புரோக்கர் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தவர். ஏலத்துக்கு வந்த டீ விலை போகாமல் குடோனுக்கே திரும்பிப் போக ஆரம்பித்த வருஷம், ஆபீஸில் ஆளைக் குறைத்தார்கள். முதல் ஆளாகக் குறைந்தது அவர்தான். பச்சை இலைக்கு விலையே இல்லாமல் தோட்டக்காரர்கள் பறிக்காமலே விட்டிருந்தார்கள், தேயிலைச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. எஸ்டேட்டுகளில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அந்த நேரத்தில்தான் பெட்போர்டு பக்கம் காலியாகக் கிடந்த டீ குடோன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, நாற்பது கம்ப்யூட்டரைப் போட்டு பைன்லைன் கம்பெனி வந்தது. சுவரில் ஈரம் ஏறினால் இன்னமும் டீத்தூள் வாசம் அடிக்கும்.

வேலை இதுதான்: அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன வியாதி, என்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அந்தப் பதிவு ராத்திரியோடு ராத்திரியாக எங்களுக்கு வந்துவிடும். காலை ஆறு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு, நாங்கள் டைப் அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு லைன். மாதக் கடைசியில் சராசரி பார்ப்பார்கள். மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சோறு போட்டவன் சும்மா விடுவானா?

எங்கள் மேனேஜர் கருணாகரன், கோயமுத்தூர்க்காரர், அமெரிக்காவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவர். முதல் நாளே எங்களையெல்லாம் நிற்க வைத்து, "இங்க சார் மேடம் எல்லாம் கிடையாது. என்னை கருண்னு கூப்பிடுங்க. என் ரூம் கதவு எப்பவும் திறந்தே இருக்கும், யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வரலாம்" என்றார். கருண் என்று கூப்பிட எங்கள் ஒருத்திக்கும் நாக்கு வரவில்லை. கடைசியில் "கருண்ங்க" என்று ஆனது. அவர் மட்டும் விடாமல் எல்லோர் பெயரையும் சுருக்கினார். வேலாமணி என்கிற நான் வேல்ஸ் ஆனேன். என் ஜெர்கினிலும் வேல்ஸ் என்றுதான் பின்னியிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தேவியின் பெயரை மட்டும் சுருக்க வழியில்லாமல் தேவி என்றே விட்டுவிட்டார்.

தேவிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கட்டபெட்டு போகிற வழியில் ஒரு எஸ்டேட்டில் வீடு. அம்மா ஆயம்மாள் அங்கே இலை பறிக்கிறவர். அப்பா இல்லை. எங்கள் டீமில் எட்டுப் பேர், அதில் ஐந்து பேர் எஸ்டேட்டுப் பிள்ளைகள். பேச்சில் மரியாதை, கையில் வேகம். தேவிக்குக் காது அப்படி. மூக்கால் பேசுகிற டெக்சாஸ் டாக்டர் ஒருத்தர் உண்டு, அவர் சொல்வது அவர் பெண்டாட்டிக்கே விளங்குமோ என்னமோ. அந்தாளின் பதிவு வந்தால் எல்லோரும் தேவியைத்தான் கூப்பிடுவோம். ஒரு தடவை கேட்டுவிட்டுச் சிரித்தபடியே அடித்துவிடுவாள்.

அந்த வருஷம் மார்ச்சில் எனக்கு வலது மணிக்கட்டு வீங்கிப் போனது. கம்பெனி டாக்டர் பட்டை கட்டி, பத்து நாள் டைப் அடிக்காதே என்றார். யாரிடம் சொல்வது? டீம் லீடர் வேலைக்கு என் பெயரும் இன்னொருத்தி பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் அடித்தேன். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும்போது நான் அடித்திருந்தது நானூற்றுப் பன்னிரண்டு லைன். பாத்ரூம் போய் முகத்தைக் கழுவி, கொஞ்சம் அழுதுவிட்டு வந்து திரையைப் பார்க்கிறேன், எழுநூற்று நான்கு என்று காட்டுகிறது!

கண் கெட்டுவிட்டதா என்று பயந்துபோனேன். பக்கத்துச் சீட்டில் தேவி ஹெட்போனைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன தேவி இது?"

"கை போட்டோம்க்கா. நான், தெய்வம்மா, இன்னும் ரெண்டு பேரு. காலையில இருந்தே ஆளுக்கு ஒரு பைல அடிச்சு வச்சு, இப்பத்தான் உங்க லாகின்ல அனுப்புனோம்."

"அப்படியெல்லாம் பண்ணலாமா?"

"எஸ்டேட்டுல பண்ணுவாங்கக்கா. ஒருத்திக்கு உடம்புக்கு முடியலேன்னா, புள்ளைக்குப் பால் குடுக்கப் போயிட்டான்னா, பக்கத்து நிரையில பறிக்கறவங்க ஆளாளுக்கு ஒரு கைப்பிடி அவ கூடையில போட்டுருவாங்க. எடை போடறப்ப கொறையாது. இதென்ன பெரிய விசயமா? பாஸ்வேர்டு எல்லாருக்கும் எல்லாருதும் தெரியும்."

அது உண்மைதான். தேவியின் பாஸ்வேர்டு அவள் அம்மா பெயர். தெய்வம்மாவுடையது அவள் வளர்க்கிற ஆட்டின் பெயர். இரண்டு வாரம் எனக்குக் கை போட்டார்கள். நான் வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் கருண் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "கன்சிஸ்டன்சி! வேல்ஸ்கிட்ட எல்லாரும் கத்துக்கணும்" என்றார். ஏப்ரல் முதல் தேதி நான் டீம் லீடர். சம்பளம் கொஞ்சம் ஏறியது, வேனில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு என்னுடையது ஆனது. அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் கொண்டை ஊசி வளைவில் குமட்டாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் பயந்தது எதற்காக என்று கேட்டால் அந்தச் சீட்டும் அதில் உண்டு. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்டு.

மே மாதம் தேவியின் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. மாதக்கணக்காக உதிரம் போயிருக்கிறது, அந்தம்மாள் வெளியே சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு இலை பறித்திருக்கிறார். ஒரு நாள் தோட்டத்திலேயே மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். கம்பெனி இன்சூரன்ஸ் அட்டையை நீட்டியதும் மறுபேச்சில்லாமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், ஜூலை பதினைந்து. தேவி அந்த அட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத்தான் எடுத்து வருவாள். "கம்பெனி நல்லாருக்கணும்க்கா" என்று அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

அலைச்சலில் அவளுக்கு லைன் குறைந்தது. ஏப்ரலில் பல் வலி, காய்ச்சல் என்று ஏற்கெனவே ஒரு மாதம் குறைவு. மே இரண்டாவது. ஜூனும் குறைந்தால் வேலை போய்விடும், வேலை போனால் அட்டை போய்விடும், அட்டை போனால் ஆபரேஷன் இல்லை. எங்கள் டீமில் எல்லோருக்கும் இது மனப்பாடம். ஜூன் முழுக்க ஆளாளுக்கு அவளுக்குக் கை போட்டார்கள். அந்த மாதக் கணக்கை இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமையோடு முடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு இன்னும் அறுநூற்று நாற்பது லைன் அவளுக்குப் பாக்கி.

வியாழக்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போன் வந்தது. கோயமுத்தூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து தேவி.

"அக்கா, நேத்து அம்மாவுக்கு ரொம்ப ரத்தம் போயிருச்சு. ராவோட ராவா கூட்டிட்டு வந்துட்டேன். இன்னைக்கு ஸ்கேன் எடுக்கணுங்கறாங்க. நான் வரமுடியாதுக்கா."

அழவில்லை. குரல் மட்டும் காய்ந்துபோயிருந்தது.

"நீ அம்மாவைப் பாரு தேவி. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இப்போது யோசிக்கிறேன். கருண் ரூம் கதவு பத்தடி தூரத்தில் திறந்துதான் இருந்தது. உள்ளே போய், "தேவிக்கு இப்படி, ஒரு மாசம் விட்டுக் குடுங்க" என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. நான் போகவில்லை. போனால் அவள் லைன் கணக்கைத் தோண்டுவார்கள், தோண்டினால் மார்ச் மாதம் வெளியே வரும், என் கன்சிஸ்டன்சி சிரிப்பாய்ச் சிரிக்கும். அதுதான் பயம். ஆனால் அன்றைக்கு நான் அப்படி நினைத்ததாக எனக்கே தெரியாது. அவளுக்குப் பட்ட கடனைத் திருப்புகிறேன் என்று பெருமையாகத்தான் நினைத்தேன். ஷிப்ட் முடிந்து எல்லோரும் வேன் ஏறிப் போன பிறகு, தேவியின் சீட்டில் உட்கார்ந்து, அவள் லாகினில், அவள் அம்மா பெயரை அடித்துத் திறந்து, ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து அறுநூற்று ஐம்பத்தைந்து லைன் அடித்தேன். மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. நடந்தே வீட்டுக்குப் போனேன். அப்படி ஒரு சந்தோஷம், ஏறுகிற மேடே தெரியவில்லை.

மண்டையில் மூளை என்று ஒன்று இருந்தால் ஒன்று யோசித்திருப்பேன். எங்கள் கம்பெனியில் சோறு இலவசம்தான். ஆனால் கார்டைத் தேய்த்தால்தான் தட்டு வரும். வாசலில் நுழையக் கார்டு, சாப்பாட்டுக்குக் கார்டு, காலையில் வேனில் ஏறக் கையெழுத்து; வெளியே போக மட்டும் எதுவும் வேண்டாம். அன்றைக்கு தேவி வாசலிலும் தேய்க்கவில்லை, சாப்பாட்டுக்கும் தேய்க்கவில்லை, வேனிலும் ஏறவில்லை. ஆனால் அறுநூற்று ஐம்பத்தைந்து லைன் அடித்திருக்கிறாள். கோயமுத்தூர் ஸ்கேன் ரூமில் உட்கார்ந்துகொண்டு!

அடுத்த வாரமே அமெரிக்க கிளையண்டிடமிருந்து ஆடிட் வந்தது. நோயாளிகளின் ரகசியம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆடிட். லாகின் லிஸ்டையும் கார்டு லிஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நாற்பது பேரில் ஒரே ஒரு இடம்தான் இடித்தது. மற்ற எல்லாக் கை போடுதலும் ஆள் ஆபீஸில் இருக்கும்போது நடந்தது, அதனால் ஒன்றும் தெரியவில்லை. நான் போட்ட கைதான் மாட்டியது.

ஜூலை மூன்றாம் தேதி கருண் தேவியைக் கூப்பிட்டார். டீம் லீடர் என்பதால் என்னையும் உட்காரச் சொன்னார். மேஜைமேல் அந்த வியாழக்கிழமை பைல்களின் பிரிண்ட்-அவுட்.

"தேவி, இதை நீங்க அடிக்கலை. உங்க பாஸ்வேர்டு வேற யார்கிட்ட இருக்கு? அமெரிக்காவுல இது கிரிமினல் விஷயம் தெரியுமா? யாருன்னு சொல்லிட்டா உங்களுக்கு ஒரு வார்னிங்கோட முடிச்சிரலாம். நான் சண்டை போட்டாவது முடிச்சுத் தர்றேன்."

தேவி அந்தக் காகிதங்களைக் கையில் எடுத்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்க்கவில்லை.

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் செய்தவள். அங்கே முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு ஸ்பேஸ் விடச் சொல்லிக் கொடுத்தார்கள். டீமில் எல்லோரும் ஒரு ஸ்பேஸ், நான் மட்டும் இரண்டு. தேவி அதற்காக என்னை எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறாள்! "அக்கா புள்ளி வச்சா நடுவுல ஒரு பஸ்ஸே போயிட்டு வரலாம்" என்பாள்.

தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை. சொல்லுவேன் என்று காத்திருந்தாள். அவ்வளவுதான். என் தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. ஜெர்கின் ஜிப்பை மேலேயும் கீழேயும் இழுத்துக்கொண்டு, மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பாஸ்வேர்டு குடுத்தது நாந்தாங்க" என்றாள் தேவி. "யாருக்குன்னு சொல்ல மாட்டேனுங்க."

"வேல்ஸ், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

இரண்டு சொல். ஒரு நாளைக்கு எழுநூறு லைன் அடித்துப் பழகியவளுக்கு அந்த இரண்டு சொல் எத்தனை லேசாக வந்தது!

ஜூலை ஆறாம் தேதி அவளை அனுப்பினார்கள். கம்பெனி பொருளைத் திரும்ப வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டியது டீம் லீடர் வேலை. ஹெட்போன், ஐ.டி. கார்டு, லாக்கர் சாவி, இன்சூரன்ஸ் அட்டை எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். கடைசியில் ஜெர்கினைக் கழற்றி மடித்து வைத்தாள். வெளியே தென்மேற்கு மழை ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. வேனில் ஏற்றக் கூடாது என்று டிரைவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"தேவி, என் சால்வையை எடுத்துட்டுப் போ."

"வேண்டாங்க்கா. பஸ் ஸ்டாண்டு பக்கந்தானே."

அட்டையை மட்டும் ஒரு நிமிஷம் விரலால் தொட்டுக்கொண்டு நின்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதாமல் அடம்பிடித்தது, உதறி உதறிப் போட்டேன். அந்தக் கையெழுத்தைப் போட்ட கையை வெட்டிப் போட்டாலும் தகும்.

பதினைந்தாம் தேதி வந்தது, போனது. நான் அன்றைக்கு எட்டு மணி நேரமும் ஹெட்போனைக் கழற்றவில்லை. டீமில் ஒருத்தியும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தெய்வம்மா மட்டும் ஒரு நாள், மற்றவர்களிடம் பேசுவது போல என் காதில் விழச் சொன்னாள்: "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பேர் எழுதி வச்சிருக்காங்களாம். பெட்டு கிடைக்கறப்ப கூப்பிடுவாங்களாம்."

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மத்தியானம், சாப்பாட்டு ஹாலில் கேக் வந்து இறங்கியது. மேலே க்ரீமில் ஹேப்பி பர்த்டே தேவி என்று எழுதியிருந்தது. பிறந்தநாள் லிஸ்டில் அவள் பெயரை எடுக்க மறந்துவிட்டார்கள். கருணுக்கு முகம் கறுத்துவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, "சரி, வேஸ்ட் பண்ண வேண்டாம், கட் பண்ணுங்க" என்றார். எங்கள் டீம் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். கருண் ஒரு துண்டை என் கையில் வைத்தார். அதில் தேவியின் பெயரில் கடைசி எழுத்து மட்டும் இருந்தது. நான் அதைத் தின்றேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிறவி நான். தின்று முடித்துவிட்டு, பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கட்டபெட்டு பஸ் ஏறினேன். இறங்கி, வழி கேட்டு, தோட்டத்துக்குள் நடந்தேன். வெட்டாமல் விட்ட செடிகள் இரண்டு பக்கமும் புதராக நின்றன. கொஞ்சம் இடத்தில் மட்டும் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. எடை போடுகிற ஷெட்டுக்கு முன்னால் முப்பது பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தியாக, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, தலையில் துணி சுற்றி தேவி நின்றாள். அம்மாவுக்கு முடியாததால் அம்மா பெயரில் அவள் வேலைக்கு வந்திருக்கிறாள். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அந்த விரல்தான் டெக்சாஸ் டாக்டரைச் சிரித்தபடி அடித்தது.

என்னைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் ஷெட் ஓரமாக நின்றுகொண்டேன்.

வரிசையில் அவளுக்கு முன்னால் கருப்பம்மாள் என்று ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், கையில் கட்டுப் போட்டிருந்தார். அவர் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுவதற்கு முன்னால் சூப்பர்வைசர் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளினார். முத்தின இலை. சாக்கை உதறிக் காட்டினார்.

"என்ன கருப்பம்மா இது, மாட்டுக்குப் போடற தழையா? இத்தனையும் கழிச்சிருவேன். ஒத்தக் கையில இவ்வளவு எப்படிப் பறிச்ச? யாரு போட்டது?"

கருப்பம்மாள் வாயைத் திறக்க அவசியமே இருக்கவில்லை. மூன்று பேர் அந்த நிமிஷமே ஓர் அடி முன்னால் வந்து நின்றார்கள். அவர்கள் முதலிலிருந்தே தராசுக்குப் பக்கத்திலேதான் நின்றிருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. தங்கள் சாக்கு எடை முடிந்தும் போகாமல் நின்றவர்கள் இருவர். மூன்றாவது தேவி.

"நாங்க போட்டதுங்க" என்றாள் ஒருத்தி.

"அந்த முத்தல் என்னுதுங்க" என்றாள் தேவி. "எனக்கு இன்னும் கை பழகலை. என் எடையில கழிச்சிக்கங்க."

சூப்பர்வைசர் ஏதோ முனகினார். கழித்தார். தேவியின் சாக்கில்தான் கழித்தார். கருப்பம்மாளுடையது முழுசாக ஏறியது. தேவி சாக்கை உதறிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தேவி, அந்த வியாழக்கிழமை அடிச்சது..."

"தெரியுங்க்கா. ரெண்டு ஸ்பேஸ்."

"நான் உனக்கு நல்லது பண்றேன்னு நினைச்சு..."

"நல்லதுதான் பண்ணுனீங்க. போட்டதுல எனக்குக் கோவமே இல்ல." முகத்தில் ஒட்டியிருந்த இலைத் துணுக்கைத் துடைத்தாள். "ஆனா கை போட்டவங்க தராசுகிட்ட நிக்கோணுங்க்கா. எடை முடியற வரைக்கும் நிக்கோணும். திட்டு விழுந்தா வாங்கிக்கோணும். அதுக்குப் பேருதான் கை போடறது. நீங்க போட்டுட்டு ஊட்டுக்குப் போயிட்டீங்க."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழவும் எனக்கு அருகதையில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

"அம்மா எப்படி இருக்காங்க? நான் பாத்துட்டுப் போகட்டுமா?"

"வேண்டாங்க்கா. கூப்பிட்டா எந்திரிச்சு உக்காருவாங்க, அதுக்கே மூச்சு வாங்கும். அப்புறம்..." கொஞ்சம் யோசித்தாள். "அவங்க உங்களை நல்லவங்கன்னு நினைச்சிட்டிருக்காங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

திங்கட்கிழமை காலை நேராகக் கருண் ரூமுக்குப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், மார்ச்சிலிருந்து. தேவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், என்னை அனுப்புங்கள் என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, இழுத்துப் போட்டார். அப்புறம் அவர் பேசியதில் அமெரிக்கா துளிகூட இல்லை.

"வேலாமணி, உக்காருங்க. தப்புப் பண்ணின ஆளை அனுப்பியாச்சு, இனி ஒண்ணுமில்லேன்னு நான் கிளையண்டுக்கு எழுதிக் குடுத்துட்டேனுங்க. இப்ப போய், இல்லீங்க, டீம் லீடரே பண்ணினாங்க, டீமே மாத்தி மாத்தி அடிச்சாங்கன்னு எழுதுனா என்னாகும்? கான்ட்ராக்டைப் புடுங்கிட்டுப் போயிருவான். நாப்பது ஊட்டுல அடுப்பு எரியாது. டீ விலை இருக்கற இருப்புல இவங்க எல்லாம் எங்க போவாங்க? நீங்க சொன்னதை நான் கேக்கலை. போய் வேலையைப் பாருங்க."

"தேவி அம்மாவுக்கு அந்த இன்சூரன்ஸ் மட்டுமாவது..."

"முடிஞ்சு போச்சுங்க" என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. கெட்ட மனுஷன் இல்லை.

வெளியே வந்தேன். என் சீட்டில் உட்கார்ந்தேன். அப்போது எனக்குள்ளே என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. அப்பாடா என்று ஒரு நிம்மதி. சொல்லியாகிவிட்டது, வேலையும் போகவில்லை. நாற்பது வீட்டு அடுப்பைக் காட்டி அவர் என்னைக் காப்பாற்றிவிட்டார். எழுந்து நின்று அங்கேயே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம். ராஜினாமாக் கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவும் செய்தேன், ஹேண்ட்பேக்கில் மூன்று மாதம் இருந்தது, மடிப்பில் கிழிந்துபோனது. தெரியலைங்க என்று சொன்னதைக்கூட பயத்தில் சொன்னது என்று விட்டுவிடலாம். அந்த நிம்மதியை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆயம்மாளுக்கு அக்டோபரில்தான் பெட் கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் உடம்பில் இருந்ததெல்லாம் போய்விட்டது, இனிமேல் தோட்ட வேலைக்கு ஆகாது என்று எழுதிவிட்டார்கள். அவர் இடத்தில் தேவியை நிரந்தரமாக்கினார்கள். இதையும் தெய்வம்மா யாரிடமோ சொல்வது போலத்தான் சொன்னாள்.

டிசம்பரில் பனி இறங்கியதும் என் மணிக்கட்டு மறுபடி வீங்கியது. அமெரிக்காவில் பண்டிகை நேரம், ஆள் குறைவு என்று வேலையைக் கொட்டினார்கள். டீம் லீடர்களும் எழுநூறு அடிக்க வேண்டும் என்று உத்தரவு. பட்டை கட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் அடித்தேன். என் கையை எல்லோரும் பார்த்தார்கள். காலையில் தெய்வம்மாதான் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு மணிக்கு மணி அடித்தது. நான் எழுந்து பாத்ரூம் போனேன். முகத்தைக் கழுவினேன். வேண்டுமென்றே மெதுவாகக் கழுவினேன், துடைத்தேன், கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தபோது ஹால் காலியாக இருந்தது. வாசலில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, என் முன் சீட்டு எனக்காகக் காலியாக இருந்திருக்கும்.

திரையைப் பார்த்தேன். நானூற்று முப்பது. நான் எழுந்து போகும்போதும் நானூற்று முப்பதுதான்.